டீயில் கலந்த மருந்து

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருடம் முன்பு காதில் குரல் கேட்க ஆரம்பித்தது, ஆபீஸில் எல்லோரும் என் போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நம்பினேன். இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள், குரல் நின்றது. கூடவே மாதவிலக்கும் நின்றது, பதினோரு கிலோ ஏறிவிட்டேன். டாக்டரிடம் சொன்னால் "அதெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க" என்றார். நாலு மாதம் முன்பு நானே நிறுத்திவிட்டேன், வீட்டிலும் சொல்லிவிட்டேன். மாதவிலக்கு திரும்ப வந்தது. ஆனால் இரண்டு மாதமாக மறுபடி காணோம், உட்கார்ந்தால் கால் பரபரக்கிறது, எழுந்து நடந்தால்தான் ஆகும். நோய் திரும்புகிறது என்றே பயந்துபோனேன். போன வாரம் சமையலறையில் மிளகு டப்பாவுக்குப் பின்னால் ஒரு குப்பி கிடைத்தது. அதே மருந்து, திரவமாக. அம்மா தினமும் என் டீயில் விட்டிருக்கிறார். டாக்டர்தான் எழுதிக் கொடுத்தாராம். கேட்டுச் சண்டை போட்டால் "பார், மறுபடி ஆரம்பிச்சுட்டா" என்கிறார்கள். மருந்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா? என்னைப் பிடித்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட முடியுமா? மாப்பிள்ளை வேறு பார்க்கிறார்கள். – பெயர் வேண்டாம்.

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். உரிமை இருக்கிறது. எப்போது அது குறையும், யார் அதைத் தீர்மானிப்பது என்பதைக் கீழே எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் உங்கள் காலைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இரண்டு மாதமாக நீங்கள் உங்கள் மனதையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

உட்கார முடியாமல் கால் பரபரப்பது, மாதவிலக்கு நிற்பது, இரண்டும் ரிஸ்பெரிடோனின் நன்றாகத் தெரிந்த பக்க விளைவுகள். நோய் திரும்பும்போது வழக்கமாக முதலில் தூக்கம் கெடும், அப்புறம் சந்தேகம், பேச்சில் மாற்றம், இப்படித்தான் வரும். மாதவிலக்கை நிறுத்திக்கொண்டு வராது. தைராய்டு, கர்ப்பம் போன்ற வேறு காரணங்களையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது, ஆனால் குப்பியைக் கண்டுபிடித்த பிறகு அதிகம் தேட வேண்டியதில்லை. நீங்கள் பயந்த அளவுக்கு எதுவும் திரும்பியதாகக் கடிதத்தில் தெரியவில்லை. மருந்துதான் திரும்பியிருக்கிறது, உங்களுக்குத் தெரியாமல்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. "சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்" என்பது எங்கள் புறநோயாளிப் பிரிவில் வாரத்துக்கு நாலு பேர் சொல்லும் வாக்கியம். மனச்சிதைவு நோயின் பழைய அறிகுறிகளில் ஒன்று. அப்படிச் சந்தேகப்படும் ஒருவருடைய சாப்பாட்டில் நிஜமாகவே கலந்துவிட்டு, அவர் கேட்கும்போது "அப்படியெல்லாம் இல்லை, உனக்கு அப்படித் தோணுது" என்று சொன்னால், நாம் அந்த நோய்க்கு எரிபொருள் ஊற்றுகிறோம். எது நிஜம், எது தோற்றம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் உங்கள் சிகிச்சையின் பெரும்பகுதி. உங்கள் வீட்டுச் சமையலறை அந்தப் பாடத்தைத் தலைகீழாக நடத்தியிருக்கிறது.

யோக்கியன் மாதிரிப் பேசுகிறேனே, நானும் இதைச் செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான அப்பா மகனைக் கூட்டி வராமல் தனியாக வருவார். "ஆள் வரமாட்டேங்கறான் சார், மருந்து மட்டும் எழுதிக் குடுங்க." நூறு பேர் வரிசையில் நிற்கும் காலை அது. ஹாலோபெரிடால் சொட்டு மருந்து எழுதினேன், சாம்பாரில் விடுங்கள் என்று நானே சொன்னேன். மூன்றாம் நாள் பையனுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு, கண் மேலே செருகிக்கொண்டது. அந்த மருந்தில் இளைஞர்களுக்கு நடக்கக்கூடியதுதான், ஒரு ஊசி போட்டால் அரை மணி நேரத்தில் சரியாகும். ஆனால் பையனுக்கு அவன் மருந்து எடுப்பதே தெரியாது, அப்பாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை, அம்மா செய்வினை என்று நினைத்துவிட்டார். ஒரு ராத்திரி முழுக்க ஏதோ கோயிலில் உட்கார வைத்திருந்து மறுநாள் கொண்டு வந்தார்கள். உண்மை தெரிந்த பிறகு அவன் பல மாதம் வீட்டில் சாப்பிடவே இல்லை. முட்டை வாங்கித் தானே வேகவைத்து, தானே ஓடு உரித்துச் சாப்பிடுவானாம். ஓட்டுக்குள் யாரும் எதுவும் விட முடியாது இல்லையா.

அதற்கப்புறம் நான் எந்த வீட்டுக்கும் கலக்க எழுதிக் கொடுத்ததில்லை. சக மருத்துவர்களில் சிலர் இன்னும் எழுதுகிறார்கள், அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், கையைப் பிசைந்துகொண்டு எதிரில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால் எழுதத்தான் தோன்றும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தபோது, உறவினர் விண்ணப்பம் போட்டு இரண்டு மருத்துவச் சான்றிதழ் இருந்தால், சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரை 90 நாள் வரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்க முடிந்தது. அது போய், மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது, 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. இதன் 4-வது பிரிவு உங்கள் கேள்விக்கான அஸ்திவாரம். மனநோய் உள்ளவர் உட்பட எல்லோருக்கும் தங்கள் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. பார்க்க வேண்டியவை மூன்று: மருந்தைப் பற்றிச் சொல்வது புரிகிறதா, எடுத்தால் என்ன ஆகும் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க முடிகிறதா, முடிவைப் பேச்சிலோ சைகையிலோ எப்படியாவது சொல்ல முடிகிறதா. அவ்வளவுதான். அந்த முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகப் படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக, திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. நான் பயிற்சி மருத்துவர்களுக்கு இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வேன். "மாத்திரை வேண்டாங்கறாங்களா? அப்ப இன்சைட் இல்லை, இன்சைட் இல்லைன்னா கன்சென்ட் வேண்டாம்" என்று (இன்சைட் என்றால் தனக்கு நோய் இருப்பது தனக்கே புரிவது, கன்சென்ட் என்றால் சம்மதம்) ஒரே மூச்சில் தாவுகிற பழக்கம் எங்கள் தொழிலில் ரொம்ப நாளாக உண்டு. மாத்திரைக்குச் சரி என்று தலையாட்டும்போது மட்டும் யாரும் திறனைச் சோதிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

சம்மதம் என்றால் என்ன என்பதையும் சட்டம் வரையறுக்கிறது. வற்புறுத்தலோ மிரட்டலோ ஏமாற்றோ இல்லாமல், நன்மை தீமைகளையும் மாற்று வழிகளையும் உங்களுக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகு நீங்கள் கொடுப்பது. "டீயில் கலப்பது" என்று தனியாக ஒரு பிரிவு இல்லை. ஆனால் முடிவெடுக்கும் திறன் உள்ள ஒருவருக்குத் தெரியாமல் கொடுப்பதை இந்த வரையறைக்குள் எந்தப் பக்கத்திலிருந்து நுழைக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் மருந்தியல் கூத்து ஒன்றும் இருக்கிறது. ரிஸ்பெரிடோன் திரவம் டீயோடு சேராது, கோலா பானங்களோடும் சேராது. தண்ணீர், காபி, ஆரஞ்சுச் சாறு, கொழுப்பு குறைந்த பால் என்றால் பரவாயில்லை என்று மருந்துத் தயாரிப்பாளரின் குறிப்பிலேயே இருக்கும். அதனால் அம்மா விட்ட அளவு ஒன்று, உங்கள் உடம்புக்குள் போனது வேறாக இருந்திருக்கலாம். நீங்கள் பாதி டீயை வைத்துவிட்டுப் போன நாளில் பாதி, தம்பி எடுத்துக் குடித்திருந்தால் அவனுக்கு. மறைத்துக் கொடுக்கும் மருந்துக்கு அளவு என்று ஒன்று கிடையாது. நல்லவேளை, இது மனநோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான லித்தியம் இல்லை. அதில் ரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலே ஆபத்து, வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் குறைந்தால்கூட ஏறிவிடும், எடுப்பவருக்குத் தெரிந்தால்தானே கவனமாக இருப்பார்?

அடுத்து, பிடித்துக்கொண்டு போக முடியுமா. மருந்து வேண்டாம் என்று சொன்னதற்காகவோ, அம்மாவோடு சண்டை போட்டதற்காகவோ முடியாது. வீட்டில் இருந்து வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு, அவசரநிலை தவிர, கட்டாய மருந்து கொடுக்கும் வழி எதையும் இந்தச் சட்டம் வைக்கவில்லை. விருப்பமில்லாத சேர்க்கை என்பது 89-வது பிரிவு. அதற்குச் சமீபத்தில் உங்களுக்கு நீங்களே தீங்கு செய்ய முயன்றிருக்க வேண்டும் அல்லது மிரட்டியிருக்க வேண்டும், இல்லை மற்றவர்களிடம் வன்முறையாக நடந்தோ, அடித்துவிடுவீர்களோ என்று அவர்களைப் பயப்பட வைத்தோ இருக்க வேண்டும், அல்லது ஆபத்து வரும் அளவுக்கு உங்களைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போயிருக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், மனநல நிபுணரோ மருத்துவரோ இன்னொருவரும், தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவின் கீழ் அதிகபட்சம் 30 நாள். பெண் என்பதால் மூன்று நாளுக்குள் மனநலச் சீராய்வு வாரியத்துக்கு (இப்படிப்பட்ட சேர்க்கைகளைப் பரிசீலிக்க இந்தச் சட்டம் வைத்த அமைப்பு) தகவல் போக வேண்டும், முடிவெடுக்கும் திறன் திரும்பிவிட்டதா என்று ஏழு நாளுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், வாரியத்தில் நீங்கள் முறையிடலாம். உயிர் போகும் அல்லது பெரிய தீங்கு நடக்கும் என்ற அவசரத்தில் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் சிகிச்சை தரலாம், ஆனால் அது பொதுவாக 72 மணி நேரத்துக்குத்தான்.

காகிதத்தில் உள்ளது எல்லா ஊரிலும் அப்படியே நடக்கிறது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பிரிவு எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசும் நோயாளியிடம் எல்லோரும் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறார்கள், அது மட்டும் நான் பார்த்த உண்மை.

இனி மருந்தைப் பற்றி என் அபிப்பிராயம். கேட்கவில்லையே என்று நினைக்க வேண்டாம், உரிமையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இதை விட்டால் நான் பாதி டாக்டர்தான். முதல் தடவை இந்த நோய் வந்து குணமானவர்களைச் சில வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. நிறுத்தியும் நன்றாக இருப்பவர்கள் உண்டு, ஆனால் அது யார் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை எங்களிடம் இல்லை. அதனால் எதுவும் எடுக்காமல் இருப்பதைவிடக் குறைவாக ஏதாவது எடுப்பதையே நான் விரும்புவேன். நான் விரும்புவது, அவ்வளவுதான். உத்தரவு கிடையாது.

ஆனால் உங்கள் விஷயத்தில் மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே நாம் இன்னும் வந்து சேரவில்லை என்று எனக்குப் படுகிறது. மாதவிலக்கு நின்றது என்று சொன்ன அன்றைக்கே ரத்தத்தில் புரோலாக்டின் பார்த்திருக்க வேண்டும். ரிஸ்பெரிடோன் அந்த ஹார்மோனை ஏற்றிவிடும், அதனால்தான் விலக்கு நிற்கிறது, சிலருக்குப் பால்கூடச் சுரக்கும், வருடக்கணக்கில் அப்படியே விட்டால் எலும்பு பலவீனமாகும். பெருசா எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான் அது. அளவைக் குறைக்கலாம், அரிபிப்ரசோல் மாதிரி புரோலாக்டினை ஏற்றாத மருந்துக்கு மாறலாம் (அதிலும் சிலருக்குக் கால் பரபரப்பு வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன், அப்புறம் நான் சொல்லவில்லை என்று ஆகக்கூடாது), எடைக்கு மெட்ஃபார்மின் சேர்த்துப் பார்க்கலாம், எதுவும் ஒத்துவராவிட்டால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கும்போது கூடவே ஒருவர் கண்காணிக்கலாம். இதில் ஒன்றையாவது உங்களிடம் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் நீங்கள் மறுத்திருப்பீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். உங்கள் மறுப்பு, பதில் கிடைக்காத ஒரு புகார்.

அம்மாவைப் பற்றி. மன்னித்துவிடுங்கள் என்று எழுத நான் யாரும் இல்லை. ஆனால் நோய் வந்த நாட்களில் உங்களுக்கு நினைவில்லாத சில இரவுகள் அவருக்கு நினைவிருக்கும். நீங்கள் உள்ளேயிருந்து பார்த்த அந்த இருபது நாளை அவர் வராண்டாவில் பாய் விரித்துப் பார்த்திருப்பார். அவருடைய பயம் நியாயமானது, செய்த வேலை தப்பு. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் அவரிடம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், கோபம் அடங்காத நாளில் வேண்டாம், முடியாவிட்டால் இருவருக்கும் பொதுவான ஒரு சித்தியோ மாமாவோ உட்காரட்டும். இனி சாப்பாட்டிலும் டீயிலும் எதுவும் விட மாட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். பதிலுக்கு நீங்கள் ஒன்று கொடுங்கள்: இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்காவிட்டால் மறைக்காமல் சொல்வேன், மூன்றாம் நாள் டாக்டரிடம் போவேன். கொஞ்ச நாளைக்கு உங்கள் டீயை நீங்களே போட்டுக்கொண்டாலும் தப்பில்லை, அதை நோய் என்று யாராவது சொன்னால் அந்தக் குப்பியைக் காட்டுங்கள்.

அப்புறம் நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்கும் ஒரு காகிதம் இருக்கிறது. 'அட்வான்ஸ் டைரக்டிவ்' என்கிறார்கள், முன்கூட்டிய விருப்ப ஆவணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எனக்கு முடிவெடுக்கும் திறன் இல்லாமல் போனால், என்ன சிகிச்சை தரலாம், எது வேண்டவே வேண்டாம், என் சார்பில் யார் பேச வேண்டும் என்று இப்போதே எழுதி, இரண்டு சாட்சி வைத்து, வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது, மற்றபடி மருத்துவர் அதைப் பின்பற்ற வேண்டும், மாற்ற வேண்டுமென்றால் வாரியத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் இடத்தில் இருந்தால் நான் இப்படி எழுதுவேன்: "ரிஸ்பெரிடோன் வேண்டாம். வேறு மருந்து தரலாம். எனக்குத் தெரியாமல் எந்த உணவிலும் கலக்கக் கூடாது." உங்கள் சார்பில் பேசுபவரை 'நாமினேட்டட் ரெப்ரசென்டேட்டிவ்' என்பார்கள், அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அக்காவோ தோழியோ யாராகவும் இருக்கலாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நீங்கள் யாரையும் குறிப்பிடாவிட்டால்தான் உறவினர் தானாக வருவார்.

அந்த டாக்டரிடம் ஒரு தடவை நேராகக் கேளுங்கள், யாரைப் பரிசோதித்து அந்தக் குப்பியை எழுதினார் என்று. உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அவருக்கு உங்கள் விஷயங்களை ரகசியமாக வைக்கும் கடமை உண்டு. புகார் செய்யலாமா என்றால் செய்யலாம், முதலில் அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம், அப்புறம் வாரியத்தில். அந்தச் சக்தியைப் புது டாக்டரைத் தேடுவதில் செலவழித்தால் இன்னும் பிரயோஜனம் என்பது என் கருத்து, ஆனால் கோபம் உங்களுடையது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மாப்பிள்ளை பார்க்கிற விஷயம் தனிக் கதை, அதற்குத் தனியாக எழுதுங்கள். இப்போதைக்கு ஒன்று மட்டும்: நோயை மறைத்து நடத்தும் கல்யாணத்தில் மருந்தையும் மறைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், மறைத்து எடுப்பவர்கள் சீக்கிரமே எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

புது டாக்டரிடம் போகும்போது அந்தக் குப்பியைக் கையோடு எடுத்துப் போங்கள், கோபத்தில் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். மேலே எத்தனை மில்லி என்று இருக்கும், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் இரண்டு மாதமாக தினம் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று ஓரளவு கணக்குப் போடலாம். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் நீங்கள், வீட்டிலேயே போட்டு எழுதி எடுத்துப் போய்விடுங்கள்.